மகிழ்ச்சிக்குக் கணக்கு எழுதலாமா?



பிள்ளைகள் என்னவாக வரவேண்டும் என்று முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் எம்மவரைக் கேட்டிருந்தால், டொக்டர் அல்லது என்ஜினியர் என்று பதில் வந்திருக்கும். இன்று ஒக்லாந்தில் அதே கேள்விக்கு, "என்னவாக வந்தாலும் சரி, சந்தோஷமாக இருந்தால் போதும்" என்று சொல்கிறோம். (டொக்டராக வந்து சந்தோஷமாக இருந்தால் இன்னும் நல்லது என்று மனதுக்குள் சேர்த்துக்கொள்வது வேறு கதை.) கேட்பதற்கு இது மிகவும் பெருந்தன்மையான விருப்பமாகத் தோன்றுகிறது. ஆயினும், ஒரு பிள்ளையின் தோளிலே நாம் ஏற்றக்கூடிய சுமைகளில் இது உண்மையிலேயே இலேசானதுதானா என்பதை இம்முறை சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

டொக்டராவதற்கு ஒரு பாதை உண்டு. இன்ன பாடம் படிக்கவேண்டும், இன்ன பரீட்சையில் தேறவேண்டும் என்று சொல்லிவிடலாம். மகிழ்ச்சிக்கு அப்படி நேர்ப்பாதை உண்டா? அதை ஓர் இலக்காக வைத்துத் துரத்தினால் என்ன நடக்கும்? ஞானிகள் மட்டும் பேசிவந்த இந்தக் கேள்வியை, கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக உளவியலாளர் சிலர் சோதனைச்சாலைக்குள்ளும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

2003ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஸ்கூலரும் வேறு இருவரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' என்ற இசையைச் சிலருக்குக் கேட்கக் கொடுத்தார்கள். 1913இல் பாரிஸில் அரங்கேறிய அந்த இசை, காதுக்கு இனியதா கடினமானதா என்று சட்டென்று சொல்லமுடியாத ஒன்று. ஒரு குழுவினரிடம் வேறொன்றும் சொல்லாமல் கேட்கவிட்டார்கள். இன்னொரு குழுவினரிடம், கேட்கும்போது இயன்றவரை மகிழ்ச்சியாக இருக்க முயலுங்கள் என்றார்கள். வேறு சிலரிடம், எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்பதை இடையிடையே அளந்து சொல்லச் சொன்னார்கள். மகிழ முயன்றவர்களும், அளந்துகொண்டே இருந்தவர்களும், சும்மா கேட்டவர்களைவிடக் குறைவாகவே அந்த இசையால் பயன் பெற்றார்கள்.

எமது சமையலறையில் இதற்கு விளக்கம் தேடிப் போகவேண்டியதில்லை. புட்டு அவிந்துவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருதரம் மூடியைத் திறந்து பார்த்தால் ஆவியெல்லாம் போய்விடும், புட்டு அவியாது. நித்திரையும் அப்படித்தான். "இப்போது நான் நித்திரையாகிறேனா?" என்று பார்த்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு விடியும்வரை கண் மூடாது.

2011ஆம் ஆண்டு ஐரிஸ் மாஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு தொகுதிப் பெண்களுக்கு, மகிழ்ச்சியாக இருப்பது வாழ்க்கையில் மிகமிக முக்கியம் என்று வற்புறுத்தும் ஒரு கட்டுரையை வாசிக்கக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வேறு பொருள் பற்றிய கட்டுரை. பிறகு சிலருக்குத் துயரமான படத்துண்டையும் சிலருக்கு மகிழ்ச்சியான படத்துண்டையும் காட்டினார்கள். துயரப் படம் பார்த்தவர்களிடையே வித்தியாசம் இல்லை. மகிழ்ச்சியான படம் பார்த்தவர்களில், மகிழ்ச்சியின் பெருமையை வாசித்துவிட்டு வந்தவர்களே குறைவாக மகிழ்ந்தார்கள்! இப்போது மகிழத்தானே வேண்டும், இன்னும் போதவில்லையே என்று தங்கள் மீதே அவர்களுக்கு ஏமாற்றம்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்பது நல்லது. ஒரு மாணவி கணிதத்தில் 90 புள்ளி எதிர்பார்க்கிறாள், 70 வருகிறது. ஏமாற்றமடைகிறாள். ஆனால் அந்த ஏமாற்றத்தினால் அவளுடைய 70 புள்ளி 60 ஆகிவிடுவதில்லை. ஏமாற்றம் வேறு, புள்ளி வேறு. அடுத்த முறை கூடுதலாகப் படிக்க அந்த ஏமாற்றம் உதவவும் கூடும். மகிழ்ச்சியோ அப்படியல்ல. மகிழ்ச்சியை எதிர்பார்த்து, அது போதவில்லை என்று ஏமாந்தால், அந்த ஏமாற்றமே இருக்கும் மகிழ்ச்சியைத் தின்றுவிடுகிறது. உலகத்தில் மற்ற இலக்குகளுக்குப் பொருந்துகிற 'இன்னும் முயற்சி செய்' என்ற புத்திமதி இதற்கு மட்டும் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

எல்லாம் இருக்கும்போது வருகிற கேள்வி

அதே ஆய்வின் இன்னொரு பகுதி எமக்கு மிகவும் நெருக்கமானது. மகிழ்ச்சிக்கு மிகுந்த மதிப்புக் கொடுப்பவர்கள் நலம் குறைந்திருப்பது எல்லோரிடமும் ஒரே மாதிரித் தெரியவில்லை. வாழ்க்கையில் நெருக்கடி மிகுந்திருந்தவர்களிடம் அது காணப்படவில்லை. நெருக்கடி குறைந்தவர்களிடம்தான் தெரிந்தது.

இதை எமது சமூகத்தின் கதையோடு சேர்த்துப் பார்ப்போம். 1983க்குப் பின் நாட்டைவிட்டுப் புறப்பட்டவர்களும், 1991இல் நியூசிலாந்து புள்ளி முறையைக் கொண்டுவந்த பிறகு தொழில் தகைமையோடு வந்து இறங்கியவர்களும் இங்கே முதல் சில ஆண்டுகளை எப்படிக் கழித்தார்கள் என்பது எமக்குத் தெரியும். என்ஜினியர் டாக்ஸி ஓட்டினார். டொக்டர் இந்நாட்டுப் பரீட்சைக்கு மறுபடியும் புத்தகம் திறந்தார். ஒரு வீட்டில் இரண்டு குடும்பம். ஒரு ஹீட்டரை அறைக்கு அறை தூக்கிக்கொண்டு திரிந்தோம். அந்த நாட்களில் 'நான் மகிழ்ச்சியாக இருக்கிறேனா?' என்று உட்கார்ந்து யோசிக்க யாருக்கு நேரம் இருந்தது? மனம் சோர்ந்தால் பழிபோடக் குளிர் இருந்தது, வாடகை இருந்தது, கிடைக்காத வேலை இருந்தது.

பிறகு வேலை கிடைத்தது. மவுண்ட் ரொஸ்கிலிலோ பாப்பாடோயிடோயிலோ ஒரு வீடு வாங்கினோம். சாண்ட்ரிங்ஹம் கடைகளில் முருங்கைக்காயும் கிடைக்கத் தொடங்கியது. பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள். இப்போதுதான், மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடுகிற ஒரு ஜூன் மாத நாளில், எல்லாம் இருக்கிறதே, பின் ஏன் மனம் நிறையவில்லை என்ற கேள்வி வந்து முன்னே உட்காருகிறது. பழிபோட ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே தன்னையே பழிக்கிறது மனம். 'நன்றி கெட்டவன் நான்' என்று ஒருவர், 'எனக்கு என்னவோ பிழை' என்று இன்னொருவர்.

பிழை ஒன்றும் இல்லை என்பதே எமது அபிப்பிராயம். வசதி வந்தால் மகிழ்ச்சியும் கூடவே வந்துவிடவேண்டும் என்று எழுதப்படாத ஓர் ஒப்பந்தத்தை நாம் வைத்திருக்கிறோம். அந்த ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் வரவு செலவு பார்க்கிற கணக்கப்பிள்ளை ஒருவர் எமக்குள்ளே இருக்கிறார். தொந்தரவு அவரால்தான்.

அப்படியானால் மகிழ்ச்சியை விரும்பவே கூடாதா என்று கேட்பீர்கள். இதற்கும் விடை கிடைத்திருக்கிறது. 2024இல் பிலிசியா செர்வாஸ் என்பவரும், முன் சொன்ன ஐரிஸ் மாஸ் உள்ளிட்ட சகாக்களும், 1,800க்கு மேற்பட்டவர்களிடம் பெற்ற விபரங்களைக் கொண்டு இரண்டு காரியங்களைப் பிரித்துக் காட்டினார்கள். மகிழ்ச்சியை விரும்புவது ஒன்று. தன் மகிழ்ச்சி போதுமா என்று கவலைப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பது இன்னொன்று. விரும்புவதால் தீங்கு தெரியவில்லை. கவலைப்படுகிறவர்களுக்கே நலம் குறைந்தும், நல்ல நேரத்தில்கூட 'இது போதவில்லையே' என்ற எண்ணம் மிகுந்தும் காணப்பட்டது. ஆகவே ஆசையை வேரோடு பிடுங்கவேண்டும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளைக்கு ஓய்வு கொடுத்தால் போதும்.

(நியூசிலாந்து அரசாங்கமே 2019இல் 'நல்வாழ்வு வரவுசெலவுத் திட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்ததே என்று சிலர் நினைக்கலாம். ஓர் அரசு மக்களின் நலத்தை அளப்பது, பணத்தை எங்கே செலவிடுவது என்று தெரிந்துகொள்ள. ஒரு மனிதர் காலையும் மாலையும் தன்னையே அளந்துகொண்டிருப்பது வேறு விஷயம்.)

யாருடைய மகிழ்ச்சி?

2012இல் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். இரண்டு வாரம் நாட்குறிப்பு எழுதச் சொல்லிப் பார்த்தபோது, மகிழ்ச்சிக்கு அளவுக்கு மீறி மதிப்புக் கொடுத்தவர்கள், நெருக்கடியான வேளைகளில் தனிமையைக் கூடுதலாக உணர்ந்தார்கள். நியாயம்தான். 'எனக்கு இதனால் என்ன இன்பம்?' என்று பார்க்கிறவருக்கு, பக்கத்து வீட்டு முதியவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போவதும், நண்பர் வீட்டு இழவுக்குப் போய் வாசலில் நிற்பதும் நட்டக்கணக்கில்தான் விழும். அப்படி ஒவ்வொன்றாகத் தவிர்த்துக்கொண்டு வந்தால், ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட ஆள் இருக்காது.

ஆனால் 2015இல் பிரெட் ஃபோர்டும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இந்தக் கதைக்கு ஒரு திருப்பத்தைத் தருகிறது. அமெரிக்கா, ஜேர்மனி, ரஷ்யா, கிழக்காசியா என்று நான்கு இடங்களில் பார்த்தார்கள். அமெரிக்காவில் மகிழ்ச்சியை நாடியவர்களுக்கு நலம் குறைந்திருந்தது. ஜேர்மனியில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ரஷ்யாவிலும், கிழக்காசியாவில் சேர்ந்த யப்பானிலும் தாய்வானிலும், மகிழ்ச்சியை நாடியவர்களுக்கு நலம் கூடியிருந்தது! என்ன வித்தியாசம் என்றால், அந்த இடங்களில் மகிழ்ச்சி என்றதும் மனிதர்கள் உற்றாரோடு கூடியிருப்பதையும் பிறருக்கு உதவுவதையுமே நினைத்துக்கொள்கிறார்கள். மகிழ்ச்சியைத் தேடிப் புறப்பட்டவர் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேருகிறார். தன்னுடைய மனநிலையைத் தேடிப் புறப்பட்டவர் தன்னுடைய அறைக்குள்ளேயே போய்ச் சேருகிறார்.

அந்த ஆய்வில் தமிழர் சேரவில்லை. என்றாலும், இங்கே வளரும் எமது பிள்ளைகள் மகிழ்ச்சி என்ற சொல்லை எந்தப் பொருளில் கற்றுக்கொள்கிறார்கள் என்று நாம் கவனிக்க இது ஒரு காரணம். 'நீ சந்தோஷமாக இருந்தால் போதும்' என்று நாம் சொல்லும்போது, 'நீ' என்ற சொல்லை நாம் சொல்வதைவிட அழுத்தமாக அவர்கள் கேட்கிறார்கள் போலும்.

"இஞ்ச உங்களுக்கு என்ன குறை?"

இனிச் சொல்லப்போவது இந்தப் பாடத்தில் எமக்கு மிக முக்கியமாகப் படுகிற பகுதி. மகிழ்ச்சியைத் துரத்துவதால் வரும் தீங்கு துரத்துகிறவரோடு நின்றுவிடுவதில்லை. மற்றவரையும் மகிழ்ச்சியாக இருக்கச் சொல்லி நெருக்குகிறோம்.

ஊரிலிருந்து வந்து மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கிற தாய் தந்தையரைப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு வீடு காலியாகிவிடுகிறது. பஸ் பாதை தெரியாது, ஆங்கிலம் தடுக்கிறது. மாலையில் வீடு திரும்பும் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்லெண்ணத்தோடுதான், "அம்மா, இஞ்ச உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு ஒரேயொரு பதில்தான் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. "ஒரு குறையும் இல்லை, பிள்ளை." அதோடு பேச்சு முடிந்தது. விட்டுவந்த கிணற்றடி, அடைத்துக் கிடக்கிற வீடு, கடைசியாக முகம் பார்க்கக் கிடைக்காமல் போன தமக்கை, எல்லாம் திரும்பவும் உள்ளே போய்விடும்.

பிரொக் பாஸ்டியன் என்ற அவுஸ்திரேலிய உளவியலாளரும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதையே வேறு சொற்களில் சொல்கிறது. அவுஸ்திரேலியாவிலும் யப்பானிலும் நடந்த அந்த ஆய்வின்படி, 'நான் துயரப்படக்கூடாது என்று மற்றவர்கள் எதிர்பார்க்கிறார்கள்' என்று எண்ணுகிறவர்களுக்குத் துயரம் குறைவதில்லை, கூடுகிறது. ஏற்கனவே இருந்த துக்கத்தின் மேல், துக்கப்படுகிறேனே என்ற குற்ற உணர்வும் ஏறிக்கொள்கிறது. ஒரு சுமை இரண்டு சுமையாகிறது. எமது மக்களில் எத்தனையோ பேர் போரில் உறவுகளை இழந்துவிட்டு வந்தவர்கள். "இப்போது பாதுகாப்பான நாட்டுக்கு வந்துவிட்டீர்களே, பழையதை மறந்து சந்தோஷமாக இருங்கள்" என்று அவர்களுக்குச் சொல்வது ஆறுதல் போலத் தோன்றும். கேட்கிறவர் காதில் அது, இனி அழாதே என்ற கட்டளையாகத்தான் விழும்.

இந்த விஷயத்தில் நாம் வந்து குடியேறிய இந்த மண்ணிடமிருந்து கற்கவேண்டியது நிறைய உண்டு. மாவோரி மக்களின் இழவுச் சடங்கை 'தங்கி' என்பார்கள். அழுகை என்பதே அந்தச் சொல்லின் பொருள். தமிழ்க் காதுக்கு அது 'தங்கி' என்று கேட்பதும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. உற்றார் உண்மையிலேயே வந்து தங்கித்தான் அழுகிறார்கள். வழக்கமாக மூன்று நாள் வரை இறந்தவரைத் தனியே விடாமல் உடனிருப்பார்கள். உயிரோடு இருப்பவரிடம் பேசுவதுபோல அவரை விளித்தே பேசுவார்கள். ஆண்களும் மறைக்காமல் அழுவார்கள். அடக்கம் முடிந்ததும் எல்லோரும் கூடி விருந்துண்பார்கள். அத்தோடுதான் சடங்கு நிறைவு பெறும். நாமோ இங்கே மண்டபத்தில் ஒதுக்கித் தந்த நேரத்துக்குள் கிரியை, தேவாரம், இரங்கலுரை அனைத்தையும் முடித்துக்கொண்டு, கார் நிறுத்துமிடத்தில் விடைபெற்றுக்கொள்கிறோம். எமக்கும் ஒப்பாரி இருந்தது. மாரடித்து அழுத பெண்கள் இருந்தார்கள். எட்டுச் செலவும் அந்தியேட்டியும் வீடு நிறைய ஆட்களும் இருந்தன. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் எம்மக்களின் மனத்துக்குச் செய்தவற்றை 1998இல் ஒரு நூலாகவே வெளியிட்டவர். இப்படியான மரபுச் சடங்குகள் துயரத்தை ஊரோடு சேர்ந்து சுமக்க உதவியதை அவரும் தம் எழுத்துகளில் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

2022ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் திகதி முதன்முறையாக நாட்டின் பொது விடுமுறையான மத்தாரிகியும் இதே படிப்பினையைத் தருகிறது. மத்தாரிகி என்பது வேறொன்றுமல்ல, முருகப்பெருமானைப் பாலூட்டி வளர்த்த கார்த்திகைப் பெண்களாக நாம் வணங்கும் அதே விண்மீன் கூட்டம்தான். நடு மாரியில், விடியுமுன் அது கீழ்வானில் மீண்டும் தோன்றும்போது மாவோரி மக்களுக்குப் புத்தாண்டு. அவர்கள் முதலில் செய்வது அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயர்களை உரக்கச் சொல்லி அழுவது. பிறகுதான் நன்றியும் விருந்தும் வரும் ஆண்டுக்கான விருப்பங்களும். ஒரு மாதம் முன்பின்னாக எமக்கு ஆடி அமாவாசை வருகிறது. எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, வடை பாயசத்தோடு சாப்பிடுகிறோம். அழுகையும் விருந்தும் ஒரே நாளில் இருக்கலாம் என்பது எமது முன்னோருக்கும் தெரிந்திருந்தது.

சங்கப் புலவர் பக்குடுக்கை நன்கணியாருக்கும் தெரிந்திருந்தது. புறநானூற்றின் 194ஆம் பாட்டில், ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒரே வேளையில் ஒலிக்கின்றன. இப்படி ஒன்றைப் படைத்தவன் நல்லவன்தானா என்று அவர் கோபித்துக்கொள்கிறார். உலகம் கொடியது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே, அதன் தன்மை அறிந்தவர்கள் அதில் இனியவற்றைக் கண்டுகொள்ளட்டும் என்கிறார். வரிசையைக் கவனியுங்கள்.

துன்பம் வந்தால் சிரி என்றல்லவா வள்ளுவர் சொன்னார் என்று ஒருவர் கேட்கக்கூடும். சொன்னார், 'இடுக்கண் அழியாமை' என்ற அதிகாரத்தில். ஊக்கம், மடியின்மை, ஆள்வினை என்று முயற்சியைப் பற்றிய அதிகாரங்களை அடுத்து அது வருகிறது. எடுத்த காரியத்தில் இடையூறு வரும்போது சோர்ந்துவிடாதே என்று முயல்கிற ஒருவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ள வேண்டியது அது. துக்க வீட்டில் போய் மற்றவருக்குச் சொல்லவேண்டியது என்று எமக்குத் தோன்றவில்லை.

கிறைஸ்ட்சேர்ச் நகரை 2010 செப்டெம்பரிலும் 2011 பெப்ரவரியிலும் பூகம்பம் தாக்கியது. இரண்டாவதில் 185 பேர் மாண்டார்கள். அதன் பிறகு 2013இல் அங்கே ஒரு மனநல இயக்கம் தொடங்கப்பட்டது. அதன் பெயரே 'ஓல் ரைட்?' என்ற கேள்விதான். நகரம் முழுவதும் ஒட்டப்பட்ட சுவரொட்டிகள் மக்களை மகிழ்ச்சியாக இருக்கச் சொல்லவில்லை. சோர்வாக உணர்ந்தாலும் பரவாயில்லை, களைத்துப் போனாலும் பரவாயில்லை என்று சொல்லின. உதவி செய்யப் புறப்பட்டவர்கள், முதலில் மக்களின் துயரத்துக்கு அனுமதி கொடுத்தார்கள்.

பின் என்னதான் செய்வது?

2014இல் லானா கட்டலினோ, சாரா அல்கோ, பார்பரா பிரெட்ரிக்சன் ஆகியோர் ஒரு பயனுள்ள வேறுபாட்டைக் காட்டினார்கள். மகிழ்ச்சியான மனநிலையைப் பிடித்து வைத்திருக்க முயல்கிறவர்களைவிட, தமக்கு இதம் தருகிற காரியங்கள் தம் நாளில் இடம்பெறுமாறு முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்கிறவர்கள் நலமாக இருந்தார்கள். மனநிலை எம் கையில் இல்லை. நேரசூசி ஓரளவுக்கு எம் கையில் இருக்கிறது. சனிக்கிழமை காலை வன் ட்ரீ ஹில்லில் நடப்பது என்று எழுதி வைத்தால், நடக்கலாம். நடக்கும்போது மகிழ்ச்சி வந்தால் வரட்டும். வராவிட்டால் நடை மிச்சம்.

நியூசிலாந்து மனநல அறக்கட்டளை பல ஆண்டுகளாகப் பரப்பிவரும் 'நல்வாழ்வுக்கு ஐந்து வழிகள்' என்பதைப் பாடசாலைச் சுவர்களில் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். 2008இல் பிரித்தானியாவில் தொகுக்கப்பட்டவை அவை. பிறரோடு தொடர்பாயிருத்தல், உடலை அசைத்தல், சுற்றியுள்ளதைக் கவனித்தல், தொடர்ந்து கற்றல், கொடுத்தல் என்பன அந்த ஐந்து. இவற்றில் ஒன்றுகூட 'மகிழ்ச்சியாயிரு' என்று சொல்லவில்லை. ஐந்தும் கையாலும் காலாலும் கண்ணாலும் செய்யக்கூடிய வேலைகள்.

கொடுத்தலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2008இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் டன்னும் சகாக்களும் சிலருக்குக் காலையில் 5 டொலர் அல்லது 20 டொலர் கொண்ட உறையைக் கொடுத்தார்கள். மாலை ஐந்து மணிக்குள் ஒரு பகுதியினர் அதைத் தமக்கும், மற்றப் பகுதியினர் பிறருக்கும் செலவிடவேண்டும். பிறருக்குச் செலவிட்டவர்களே மாலையில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். 5 டொலரா 20 டொலரா என்பதால் வித்தியாசம் ஏற்படவில்லை. எமது மடப்பள்ளியில் வெள்ளிக்கிழமைகளில் வெங்காயம் உரிப்பவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. கண்ணீர் வழிய உரித்துக்கொண்டே சிரித்துக் கதைப்பவர்கள் அவர்கள். ஆனால் 2010இல் நெட்டா வைன்ஸ்டீனும் ரிச்சர்ட் ரையனும் காட்டியபடி, மனமுவந்து செய்யும் உதவிதான் இப்படிப் பயன் தருகிறது. நிர்ப்பந்தத்தின் பேரில் செய்வது தருவதில்லை. தொண்டர் பட்டியல் போடுகிற பொறுப்பாளர்கள் இதைச் சற்றுக் கவனிக்கலாம். அதுபோல, 'தொண்டு செய்தால் எனக்கு மகிழ்ச்சி வருமாம்' என்று வந்து நின்று, வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தால், பழைய புட்டுப்பானைக் கதைதான்.

ஒன்றை மறக்கக்கூடாது. இங்கே சொன்னதெல்லாம் சாதாரணமான மனச்சோர்வுக்கும் துக்கத்துக்கும் பொருந்தும். வாரக்கணக்காக நித்திரையின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, எதிலும் பற்றில்லாமை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் அது நோய்; குடும்ப வைத்தியரிடம் போகவேண்டும். 1737 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். பயிற்சி பெற்ற ஒருவர் பேசுவார். கோயிலுக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி யாரையும் வைத்தியரிடம் போகாமல் தடுக்கவேண்டாம். மாவோரி அறிஞர் சேர் மேசன் டூரி 1980களில் நலவாழ்வை நான்கு சுவருள்ள ஒரு வீடாக உருவகித்தார்: உடல், உள்ளம், ஆன்மா, குடும்பம். ஒரு சுவர் வெடித்திருக்கும்போது மற்றச் சுவருக்கு வெள்ளையடித்துப் பயனில்லை.

வீட்டில் கலந்து பேச

இம்மாதம் குடும்பத்தோடு சாப்பிட உட்காரும் ஒரு வேளையில் இவற்றைப் பேசிப் பார்க்கலாம். மகிழ்ச்சி என்று சொன்னதும் ஒவ்வொருவருக்கும் மனதில் வருகிற காட்சி எது? அந்தக் காட்சியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இளையவர்களின் காட்சியும் மூத்தவர்களின் காட்சியும் எங்கே வேறுபடுகின்றன? வாட்ஸ்அப்பில் மற்றவர்களுடைய விடுமுறைப் படங்களைப் பார்த்த பிறகு எமது கணக்கப்பிள்ளை என்ன எழுதுகிறார்? கடைசியாக யார் முன்னிலையில் மறைக்காமல் அழுதோம்?

வீட்டில் மூத்தவர் ஒருவர் இருந்தால், அல்லது ஆறரை ஏழரை மணித்தியால வித்தியாசத்துக்கு அப்பால் தொலைபேசியில் இருந்தால், "என்ன குறை?" என்பதை இம்முறை விட்டுவிட்டு, பேரப்பிள்ளையைக் கொண்டு வேறொன்றைக் கேட்கச் செய்யலாம்: "அம்மம்மா, உங்கட வீட்டு வளவிலே என்னென்ன மரம் நின்றது?" பதில் நீளமாக வரும். நடுவில் குரல் தழுதழுத்தால் பேச்சை மாற்றவேண்டாம். தேநீரை மட்டும் முதலிலேயே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.